மகளின் முதுகில் 8 பாகை காட்டும் கைப்பேசிச் செயலியை நம்பலாமா?

கேள்வி: தோட்டத்து அம்மா, சுங்கை சிப்புட்

வணக்கம். ஆறாம் ஆண்டில் படிக்கும் என் மகளுக்குத் தலை பின்னிவிடும்போது, வலது தோள்பட்டை எலும்பு மட்டும் புடைத்திருப்பதைக் கண்டேன். கோணம் அளக்கும் செயலியை இறக்கி, அவளைக் குனியச் சொல்லி முதுகில் வைத்தால், முதலில் 8 பாகையும் சற்று நேரத்தில் 4 பாகையும் காட்டியது. வலி இல்லை என்கிறாள். புத்தகப்பையின் பாரம்தான் காரணம் என்கிறார் மாமியார். ஈப்போ மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். எந்த அளவை நான் நம்புவது?

பதில்: இயன்முறைச் சிகிச்சையாளர்

அம்மா, செயலி அளப்பது முதுகுத்தண்டின் வளைவை அன்று. குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மற்றதைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதைத்தான். வளைவை எக்ஸ்ரே படத்தில் அளப்பார்கள். அதில் 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருக்கும் நிலை. ஆகவே உங்கள் 8 பாகையை அந்தப் பத்தோடு ஒப்பிட்டு ஆறுதல் அடைந்துவிடாதீர்கள். குனிந்த முதுகில் 7 பாகை கண்டாலே மருத்துவரிடம் அனுப்புவது வழக்கம். 5 பாகைக்கே அனுப்புவோரும் உண்டு.

அளவு மாறியதற்குக் கைப்பேசியை வைத்த விதமே பெரும்பாலும் காரணமாக இருக்கும். உறையைக் கழற்றி, சமமான மேசையில் வைத்துப் பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள். பிள்ளை கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், உள்ளங்கைகளை இணைத்துக் குனியட்டும். நடு எலும்பின் முடிச்சில் கைப்பேசி இடறாதபடி, அதன் இரு ஓரங்களுக்கு அடியிலும் உங்கள் கட்டைவிரல்களைக் கொடுத்துப் பிடியுங்கள். புடைப்பு மிகுந்த இடத்தில் மூன்று முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புத்தகப்பையால் இந்த வளைவு வருவதில்லை. வலி இல்லாததும் வளைவு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

பதில்: பகாவ் வாசி

சகோதரி, என் மகளுக்கும் வலியே இருந்ததில்லை. நாங்கள் ஓராண்டு தாமதித்துப் போனபோது வளைவு 32 பாகை. வயதுக்கு வந்துவிட்டாளா, எப்போது என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டார். வளர்ச்சி எவ்வளவு மீதமிருக்கிறதோ அவ்வளவுக்கு வளைவு கூடும் அபாயமும் இருக்கிறதாம். 20 முதல் 40 பாகை வரை, வளரும் பிள்ளைகளுக்கு, வளைவு கூடாமல் தடுக்க உடலைச் சுற்றி அணியும் முதுகுக்கவசம் பலன் தரும் என்று 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நாளுக்குச் சுமார் 13 மணி நேரமாவது அணிந்தவர்களிடமே பலன் மிகுதி. இந்த வெயிலில் அது எளிதன்று, ஆனாலும் என் மகள் அணிகிறாள்.

கேள்வி கேட்டவர்:

நீங்கள் சொன்னபடி அளந்தேன்: 7, 8, 7. அவள் இன்னும் வயதுக்கு வரவில்லை. திங்கட்கிழமை இங்குள்ள அரசாங்கக் கிளினிக்கில் ஈப்போவுக்கான பரிந்துரைக் கடிதத்தைக் கேட்டு வாங்குகிறேன்.