கேப் வெர்டே: திறமையா, 48 அணிகளின் தயவா?

ஆஃப்சைடு:
ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வெர்டே 2026 கால்பந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதை ஆளாளுக்குக் கொண்டாடுகிறீர்கள், சரி. அணிகளை 32-லிருந்து 48 ஆக்கி, ஆப்பிரிக்காவுக்கு 5 இடங்களை 9 ஆக்கினார்களே, அதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை? வாசலை இடித்து அகலமாக்கினால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

பெனால்டி பாஸ்:
யார் வேண்டுமானாலுமா? அப்புறம் ஏன் தகுதிச் சுற்றில் அதே பிரிவில் இருந்த, 8 உலகக் கோப்பைகள் ஆடிய கேமரூன் வெளியே நிற்கிறது? 2024 ஜூனில் கேமரூன் தலைநகர் யாவுண்டேயில் 4-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட கேப் வெர்டே, 2025 செப்டம்பரில் தன் தலைநகர் பிராயாவில் முன்கள வீரர் லிவ்ரமென்டோ அடித்த ஒரே கோலில் கணக்கைத் தீர்த்து, அக்டோபர் 13-ல் எஸ்வாட்டினியை 3-0 என்று முடித்து, 23 புள்ளியோடு முதலிடம் வந்தது. கேமரூனுக்கு 19. பத்துத் தீவு, சுமார் ஐந்தேகால் லட்சம் ஜனம், அவ்வளவுதான் நாடு.

ஆஃப்சைடு:
அந்த ஐந்தேகால் லட்சத்திலிருந்தா அணி வந்தது? லிவ்ரமென்டோ நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்தவர். தடுப்பாட்டக்காரர் பிக்கோ லோப்பஸ் அயர்லாந்தின் டப்ளின்காரர், அப்போதைய பயிற்சியாளர் லிங்க்ட்இன்னில் போர்த்துகீசிய மொழியில் அனுப்பிய அழைப்பை ஸ்பாம் என்று நினைத்து மாதக்கணக்கில் கிடப்பில் போட்டவர். இணையத்தில் ஆள் பிடித்துச் சேர்த்த அணி இது.

தீவுக்காரன்:
வறட்சிக்கும் பஞ்சத்துக்கும் தப்பி ஊர்விட்டுப் போனவர்களின் பிள்ளைகள் அவர்கள். உள்ளூரில் இருப்பவர்களைவிட வெளியே இருப்பவர்கள்தான் அதிகம் என்பார்கள். பிராயாவில் பிறந்த நானி போர்ச்சுகலுக்கு ஆடியபோது யாரும் கேள்வி கேட்கவில்லையே! கோல்கீப்பர் வோசின்யா தீவு நகரமான மின்டேலோவில் பிறந்தவர், எஸ்வாட்டினி ஆட்டத்தில் மூன்றாவது கோல் அடித்த ஸ்டோபிரா பிராயாக்காரர். பயிற்சியாளர் புபிஸ்தாவும் தீவுக்காரர்தான்.

ஆஃப்சைடு:
அதே புபிஸ்தாவின் அணிதான் 2025 ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதிச் சுற்றில் எகிப்து, போட்ஸ்வானா, மொரித்தானியாவுக்குப் பின்னால் கடைசியில் வந்தது. அதையும் சொல்லுங்கள்.

தீவுக்காரன்:
சொல்வோம், அது கேவலம்தான். அதே ஆப்பிரிக்கக் கோப்பையில் 2013-லும் 2023 போட்டியிலும் காலிறுதி வரை போனதையும் சேர்த்துச் சொல்வோம். 2014 உலகக் கோப்பைக்கான கடைசிச் சுற்று கையில் இருந்தது, துனிசியாவை அதன் மண்ணிலேயே 2-0 வென்றார்கள். ஆடத் தடையில் இருந்த வீரர் வரேலாவை இறக்கியதால் ஃபிஃபா அந்த வெற்றியைப் பிடுங்கிக்கொண்டது. 2022 தகுதிச் சுற்றில் நைஜீரியாவுக்கு 2 புள்ளிதான் பின்னால். அப்போது 48 எங்கே இருந்தது?

ஆஃப்சைடு:
நைஜீரியாவே அந்தத் தடவை போகவில்லையே! அப்போதெல்லாம் பிரிவில் முதலிடம் வந்தாலும் அப்புறம் இன்னொரு அணியை இரண்டு ஆட்டங்களில் வென்றாக வேண்டும், கானாவிடம் மாட்டி நைஜீரியா வீட்டுக்குப் போனது. கேப் வெர்டே இந்தத் தடவை அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை.

பெனால்டி பாஸ்:
இரண்டாமிடம் வந்த கேமரூன் எழுதியது. காங்கோ ஜனநாயகக் குடியரசிடம் 1-0 என்று தோற்றது.