மறுமொழி: ‘வெஜிடேஷன்’ – இதயத்துக்குள் தாவரமா?

> இதய வால்வில் ஒட்டி வளரும் ‘வெஜிடேஷ’னுக்கு (vegetation) அகராதி ‘தாவர வளர்ச்சி’ என்கிறது. நம் மருத்துவச் சொற்பட்டியலில் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வேண்டாம் ஐயா. எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையைத் தமிழில் சொல்லச் சொன்ன ஓர் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். “விதை கிதை முழுங்கிட்டானா?” என்று மகனை முறைத்தார். அன்றோடு விட்டேன்.

அங்கே செடியும் இல்லை, கொடியும் இல்லை. இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்களும் ஃபைப்ரின் இழைகளும் திரண்டு, அதற்குள் பெரும்பாலும் கிருமி குடியேறியிருக்கும். 1806இல் பிரான்ஸ் மருத்துவர் கோர்விசார் வால்வில் இதைப் பார்த்தபோது மேகநோய் மருதான் நினைவுக்கு வந்தது. சாயலை நம்பி இதுவும் மேகநோயால் வருவதே என்று எழுதிவிட்டார். ஆக மூலத்திலேயே தாவரம் இல்லை.

அப்படியானால் ‘மரு’ போதுமே எனலாம். மரு உதிராது, இது உதிரும். துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம், 10 மி.மீ.க்கு மேல் வளர்ந்தால் அந்தப் பயம் கூடுதல். எக்கோ திரையில் பார்த்தால், ஒரு முனை ஒட்டியிருக்க, மறுமுனை துடிப்புக்குத் துடிப்பு வாய்க்கால் கல்லில் பிடித்த பாசிபோலப் புரளும். (‘பாசி’ என்றே எழுதி அழித்தேன். மறுபடியும் செடி!)

என் பரிந்துரை ‘ஒட்டுமுளை’. மூலமுளை என்கிறோம், அதைக் கேட்டு யாரும் செடியை நினைப்பதில்லை.

நண்பர் ஒருவர் எழுதிய ‘இதழ்முளை’ (இதழ் என்றால் வால்வின் மடல்) ஒத்துவராது. அரிதாக இதய அறையின் சுவரிலும், பேஸ்மேக்கர் கம்பியிலும்கூட இது ஒட்டும். ‘தொற்றுமுளை’யும் பொதுப்பெயர் ஆகாது. 1924இல் மருத்துவர்கள் லிப்மனும் சாக்ஸும் விவரித்த வகையில் கிருமியே கிடையாது; லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்களுக்கு வருவது அது.

அடுத்தது, ‘ball thrombus’க்குப் பட்டியலில் உள்ள ‘பந்துக் குருதியுறைகட்டி’. வாயில் நுழையவில்லை. வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வாசல்) சுருங்கியவர்களுக்கு இடது மேலறையில் இரத்தம் தேங்கி உறையும். அரிதாக அந்த உறைவு சுவரில் ஒட்டாமல் உருண்டையாகி, வாசலைவிடப் பெரிதாகி, வெளியேற வழியின்றி உள்ளேயே சுற்றும். 1814இலேயே வுட் என்ற மருத்துவர் இதை எழுதிவைத்தார். கோலிசோடா குடித்தவருக்கு விளக்கமே வேண்டாம். பாட்டிலைச் சாய்க்கிறோம், குண்டு உருண்டு வந்து கழுத்தை அடைக்கிறது, சோடா நிற்கிறது. இங்கே நிற்பது இரத்தம். ஆள் மயங்கி விழுவார். ஆகவே ‘கோலியுறைவு’.

---

> என் பரிந்துரை ‘ஒட்டுமுளை’.

தம்பி, கோலியுறைவுக்கு மறுபேச்சில்லை. இன்னும் பத்து வருடத்தில் கோலிசோடா தெரிந்தவர் இருப்பார்களா என்பது வேறு கதை.

முளைதான் உதைக்கிறது. குறில் நெடிலானால் ‘மூளை’. ‘முளை உடைந்து மூளையில் அடைப்பு’ என்பதை அவசரத்தில் தட்டச்சு செய்பவர் எப்படி அடிப்பார், யோசியுங்கள். போதாததற்கு முளைப்பதும் விதைதானே, அந்த அம்மா மறுபடியும் மகனை முறைப்பார்.

நீங்களே ‘திரண்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘ஒட்டுத்திரள்’ என்றால் என்ன? திரண்டது உதிரவும் செய்யும்.

---

ஐயா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் மடலை அனுப்புமுன் இரண்டு இடத்தில் ‘ஒட்டுமூளை’யைத் திருத்தினேன். திரளே இருக்கட்டும். கிருமி இருந்தால் ‘தொற்று ஒட்டுத்திரள்’, இல்லாவிட்டால் ‘தொற்றிலா ஒட்டுத்திரள்’. பட்டியலில் இன்றிரவே மாற்றிவிடுகிறேன். கோலியுறைவுக்குப் பக்கத்தில் ஒரு சோடா பாட்டில் படமும் போடுகிறேன்.