புழுதி விதைப்பு நெல் 15ஆம் நாளுக்கு மேல் கருகுகிறது: ஜிப்சம் போடலாமா? (திருப்பாலைக்குடி, கடைமடை)

கடைமடை
திருப்பாலைக்குடி பக்கம், கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் 3 ஏக்கர் களிமண் நிலம். கண்மாய்த் தண்ணீர் கடைசியாகத்தான் வந்து சேரும். மழைக்கு முன் காய்ந்த புழுதியில் நெல் விதைத்தால் முளைப்பில் குறை இல்லை. அதன் பிறகு மழை பத்து நாள் தள்ளிப்போனால் இலை நுனி வெளுத்து, சுருண்டு, திட்டுத்திட்டாகக் கருகிவிடுகிறது. வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. மண் பரிசோதனைச் சீட்டில் பிஎச் (கார அமிலத் தன்மை) 8.1, இசி (உப்பின் அளவு) 2.3. உரக்கடையில் ஏக்கருக்கு அரை டன் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். போடலாமா? காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் புவியைச் சூடேற்றும் மீத்தேன் வாயு குறையும் என்கிறார்களே, அது இங்கே சரிப்படுமா?

உவர்மண்
ஜிப்சத்துக்கு இப்போது காசு போடாதீங்க தம்பி. அது களருக்கு (சோடியம் மிகுந்து இறுகிய மண்) மருந்து, உங்களுடையது உவர் (கரையும் உப்பு மிகுந்த மண்). வீட்டிலேயே பார்த்துவிடலாம்: கண்ணாடி பாட்டிலில் ஒரு கைப்பிடி மண், முக்கால் பாட்டில் மழைத்தண்ணீர். நன்றாகக் குலுக்கி அசையாமல் வைங்க. ஓரிரு மணி நேரத்தில் மண் அடியில் படிந்து மேலே தெளிந்தால் உவர். மறுநாளும் பால் டீ மாதிரி கலங்கியே நின்றால் களர்.

இசி 2.3ஐப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். நம் பரிசோதனை நிலையங்களில் பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் விட்டுத்தான் அளக்கிறார்கள். களிமண்ணில் அந்த அளவு 2 என்றாலே, வேர் உணரும் உப்பு 4ஐத் தாண்டிவிடும். நெல் 3லிருந்தே மகசூல் இழக்கத் தொடங்கும் பயிர்.

முளைக்கும்போது நெல் உப்பைத் தாங்கும். விதைக்குள் இருக்கும் சத்து தீர்ந்து, மூன்றாம் இலை விடும் சமயம்தான் ஆபத்து. அந்த நேரத்தில் வெயில் காய்ந்தால் அடிமண் ஈரம் மேலே ஏறி ஆவியாகும், அது தூக்கிவந்த உப்பு மேல் இரண்டு அங்குலத்தில் தங்கிவிடும். கருகுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே விதைப்புக்கு முன்பே உப்பை வெளியேற்றணும். அறுவடை முடிந்ததும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே ஒரு உழவு போட்டுவிட்டால் அடி உப்பு மேலே ஏறும் வழி அறுந்துவிடும். அறுத்த நெல் தாளை வயலிலேயே விட்டுவைங்க. வரப்பை ஒரு அடி உயர்த்தி, வயலைச் சிறு பாத்திகளாகத் தடுங்க. முதல் மழை மேலே பூத்த உப்பைக் கரைத்து நிற்கும், அந்தத் தண்ணீரை மட்டும் வெட்டி வெளியே விட்டுவிடணும். அதற்குப் பின் பெய்வதைத் தேக்குங்க. ஒரு அடி மண்ணைக் கழுவ ஏறக்குறைய ஒரு அடி தண்ணீர் மண் வழியாகக் கீழே இறங்கணும். அதற்கு வயலின் பள்ளப் பக்கத்தில் 2 அடி ஆழ வடிகால் கட்டாயம் வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: வடிகால் இல்லாமல் தேக்கினால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு அப்படியே இருக்கும். வடிகால் ஓடையில் சேர்கிற இடத்தில் ஒரு ஷட்டர் வைங்க, கடல் ஏறும் நாளில் உப்புத்தண்ணீர் எதிர்த்து வரும்.

கழுவி முடித்த பின் அதே பாட்டில் சோதனையைத் திரும்பச் செய்யுங்க. உப்பு போய் சோடியம் மட்டும் மிஞ்சினால் மண் கலங்கத் தொடங்கும். அப்போது ஜிப்சம் போடுவதில் அர்த்தம் உண்டு.

மானாவாரி
ரகத்தையும் கவனிக்கணும் அண்ணே. உப்புக்கு நல்லது என்று திருச்சி 3 விதைத்தால் 135 நாள் ஆகும். அக்டோபர் முதல் வாரம் முளைத்தால் அறுவடை பிப்ரவரி பாதியில். அதற்குள் நம் மழை முடிந்து, கதிர் வரும்போது மறுபடி உப்பு ஏறும். பூக்கும் பருவத்திலும் நெல்லுக்கு உப்பு ஆகாது. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தின் அண்ணா 4 (2009இல் வெளியானது) 100 முதல் 105 நாளில் முடியும். கழுவிய நிலத்துக்கு இதுவே மேல்.

ஏக்கருக்கு 30 கிலோ விதை. 30 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பொட்டாஷ் கரைத்து 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தணும். வெயிலில் காயவைத்தால் செய்த வேலை வீண். விதைப்புக் கருவியால் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்க. மேலாகக் கிடந்தால் ஒரு தூறலுக்கே முளைத்து, அடுத்த மழைக்குள் செத்துவிடும். துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ, மணலில் கலந்து. யூரியா ஒரு மூட்டையை மூன்றாகப் பிரித்து, மண் ஈரமாக இருக்கும்போது மட்டும் போடுங்க.

நீர்மேலாண்மை
மீத்தேன் கேள்விக்கு வருகிறேன். காற்றுப் புகாமல் தண்ணீர் நிற்கும் சேற்றில்தான் மீத்தேன் உண்டாகிறது. புழுதி விதைப்பில் முதல் ஒரு மாதம் பெரும்பாலும் அந்த நிலையே இல்லை. தொடர்ந்து நீர் நிற்கும் வயலை 1 என்று வைத்தால், வறட்சிக்கு ஆளாகும் மானாவாரி நெல்லுக்கு ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி 2019இல் கொடுத்த அளவு 0.16. நீங்கள் ஏற்கெனவே மீத்தேனைக் குறைவாக விடுகிறவர்தான்.

காய்ச்சலும் பாய்ச்சலும் டெல்டாவுக்கு அருமையான முறை. வயலில் துளையிட்ட குழாய் பதித்து, நீர்மட்டம் 15 சென்டிமீட்டர் கீழே போன பிறகு திரும்பப் பாய்ச்சுவார்கள். உப்பு மண்ணில் அந்தக் காய்ச்சலே உப்பை மேலே இழுத்துவிடும். கண்மாய்த் தண்ணீர் கிடைக்கும் நாட்களில் இரண்டு அங்குலம் நிறுத்தி, உப்பேறிய தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் கட்டுங்கள். உங்கள் நிலத்தில் கவனிக்க வேண்டியது யூரியாதான். காய்ந்து நனையும் மண்ணில் மிச்சமாகும் தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 273 மடங்கு சூடேற்றும்.

கடைமடை
நன்றிண்ணே. மழை தவறினால் பயிரைக் காக்கும் உயிர்த்தண்ணீருக்கு 60 அடி போர் போடலாமா?

உவர்மண்
வேண்டவே வேண்டாம். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீர் மேல் மிதக்கிறது. மேலே நல்ல தண்ணீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், கீழிருந்து உப்பு சுமார் 40 அடி ஏறப் பார்க்கும். உங்கள் போர் மட்டுமல்ல, பக்கத்து ஊற்றும் கெடும். வயலின் மேட்டு மூலையில் 5 அடி ஆழத்துக்கு மேல் போகாமல் அகலமான பண்ணைக் குட்டை வெட்டுங்க. வெட்டும்போது அடியில் ஈரம் கசிந்தால் அங்கேயே நிறுத்திக் களிமண் பூசி இறுக்கிடுங்க.