சர்க்கரை நோய் உள்ள பூனை: எடை, இன்சுலின் – நீங்கள் கண்டதைப் பகிருங்கள்

தெம்பனிஸ் தொண்டூழியர்
யூ-40 இன்சுலின் பாட்டில் (மில்லிக்கு 40 யூனிட்), யூ-100 சிரிஞ்சு (மில்லிக்கு 100 யூனிட் கணக்கு). ஒரு வீட்டில் பார்த்தது, இன்னும் மனசு ஆறவில்லை. மருந்து விலங்குகளுக்கென்றே வரும் புரோசிங்க். சிரிஞ்சு அந்த வீட்டுத் தாத்தாவுக்கு வாங்கியது. அதில் 1 என்ற கோடு வரை இழுத்தால் பூனைக்குப் போவது வெறும் 0.4 யூனிட். சர்க்கரை 22-ஐ (மில்லிமோல்/லிட்டர்) விட்டு இறங்கவே இல்லை. முதுகெலும்பு தெரிய இளைத்து, பின்னங்கால் குதியைத் தரையில் பதித்துப் பதித்து நடந்தது அந்தப் பூனை. வீட்டில் எல்லாரும் மருந்தைத்தான் குறை சொன்னார்கள். இதுவே தலைகீழாக நடந்து, யூ-100 இன்சுலினான லான்டஸை யூ-40 சிரிஞ்சில் எடுத்திருந்தால் இரண்டரை மடங்கு ஏறியிருக்கும், உயிரே போகலாம். லான்டஸ் என்றால் அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். பூனைக்கு அரை யூனிட்கூடப் பெரிய வித்தியாசம்.

ஈசூன் அக்கா
தம்பி சொல்வது சரி. ஆனால் சிரிஞ்சு சரியாக இருக்கும் வீட்டிலும் ஆபத்து வரும். எங்கள் புளோக்கில் ஒரு ஆரஞ்சுப் பூனை, 7 கிலோ. சாப்பாட்டைக் குறைத்து 6 கிலோவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஊசி மட்டும் அதே 3 யூனிட். ஒரு சாயங்காலம் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் தலை ஆட, கால் பின்ன, எங்கேயோ வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றது. மீட்டரில் 2.3. அந்தப் பார்வை கண்ணைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

கொழுப்பு கரையக் கரைய உடம்பு இன்சுலினை நன்றாக ஏற்கத் தொடங்கும். போன மாதம் சரியாக இருந்த அளவு இந்த மாதம் அதிகமாகிவிடும். அதனால் எடை குறைகிறது என்று சந்தோஷப்படும்போதே அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள். 10 கிராம்வரை காட்டும் குழந்தை எடைக்கருவி போதும், வாரம் ஒருமுறை, சாப்பாட்டுக்கு முன். வாரத்துக்கு அரை முதல் ஒரு சதவீதம் இறங்கலாம், அதாவது 6 கிலோ பூனைக்கு 30 முதல் 60 கிராம். இலக்கு 5 கிலோ என்றால் நாளுக்குச் சுமார் 185 கிலோகலோரியில் ஆரம்பிப்பார்கள். நன்றாகத் தின்றும் வேகமாக இளைத்தால் அது டயட் பலித்ததில்லை, சர்க்கரை கட்டுப்படாமல் தசை கரைகிறது. இன்சுலினை ஏற்றிக்கொண்டே போயும் எடை கூடினால் அக்ரோமெகலி (வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் நோய்) இருக்கிறதா என்று ஐஜிஎஃப்-1 ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

3.5-க்குக் கீழே போய்ப் பூனை தள்ளாடினால் ஈறில் தேன் தடவுங்கள். வலிப்பு வந்தால் வாய்க்குள் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். தெளிந்ததும் சாப்பாடு கொடுத்து உடனே கிளினிக். தேன் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஊசி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்.

பொங்கோல் வாசகர்
அக்கா, கலோரி கணக்கைவிட மாவுச்சத்துதான் முக்கியம் என்பேன். 'கிரெயின் ஃப்ரீ' என்று போட்ட உலர் உணவைக் கிண்ணம் நிறைய வைத்திருந்த வீட்டைப் பார்த்தேன். அரிசி இல்லை, சரி. உருளைக்கிழங்கும் பட்டாணியும் இருக்கிறதே! பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். புரதம், கொழுப்பு, ஈரப்பதம், சாம்பல், நார் எல்லாவற்றையும் கூட்டி 100-லிருந்து கழித்தால் மீதி மாவுச்சத்து. ஒரு டின்னில் 10, 5, 80, 2, 1 என்றால் மீதி 2. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கினால் மொத்தம் 84.5 கிலோகலோரி, அதில் மாவுச்சத்து 7. சுமார் 8 சதவீதம். 12-க்குக் கீழே இருந்தால் நல்லது. நோய் தெரிந்த முதல் சில மாதங்களிலேயே இப்படி மாற்றி, சர்க்கரையையும் இறுக்கிப் பிடித்தால் ஊசியே தேவைப்படாத நிலைக்குப் போகும் பூனைகள் உண்டு.

ஈசூன் அக்கா
உணவைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை தம்பி. ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது இன்றைக்கே டின்னுக்கு மாற்றி, ஊசியைப் பழைய அளவில் போட்டால் இரண்டு மூன்று நாளிலேயே 2.3 வரலாம். மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்றும் நாட்களில் தினமும் காது ஓரத்தில் குத்திப் பாருங்கள். காதை வெதுவெதுப்பான துணியால் ஒற்றினால் ரத்தம் சுலபமாக வரும். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் குறைத்துக் காட்டும், அதனால் ஒரே மீட்டரை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். புது உணவைத் தொடாத பூனையைப் பட்டினி போட்டுப் பழக்கவே கூடாது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்துவிடும்.

அங் மோ கியோ
எனக்குத் தெரிந்த வீட்டில் காலை 7 மணிக்குப் பாட்டி ஒரு ஊசி, 7.20-க்குப் பணிப்பெண் இன்னொரு ஊசி. அன்று முழுக்கப் பூனை கிளினிக்கில், டிரிப்பில். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள், கூடவே பேனா. ஊசி போட்டவர் நேரம் எழுதிவிட்டுத்தான் மூடியை மாட்ட வேண்டும். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அந்த வேளையை விட்டுவிடுங்கள். இன்சுலின் தட்டின் நடுவில் இருக்கட்டும், உறைபெட்டியை ஒட்டி வைத்தால் உறைந்து கெட்டுவிடும்.

தெம்பனிஸ் தொண்டூழியர்
பாதி ஊசி ரோமத்தில் வழிந்தது போல இருந்தாலும் இதேதான், மறுபடி போடாதீர்கள். ரோமம் நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, அந்தத் தாளிலேயே குறித்துவையுங்கள்.