27 இன்ச் மானிட்டர் ஒன்றே பகலில் கணக்கு வேலைக்கும் ராத்திரி டிவிக்கும் போதுமா?

குடந்தை கணக்கு:
வணக்கம். கும்பகோணத்தில் வீடு, ஹால் 10க்கு 12 அடி. பகலில் லேப்டாப்பை மாட்டி டேலி, எக்செல், தமிழ்த் தட்டச்சு. சாயங்காலம் அதே திரையில் கேபிள் பாக்ஸ், ஓடிடி. தனியாக டிவி வைக்க இடமில்லை. கடையில் 27 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டரைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா? பாக்ஸை நேராக மாட்டினால் படமும் சத்தமும் வருமா? அம்மாவும் அப்பாவும் பாயில் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போய்ப் போய் வரும், அதற்கும் வழி சொல்லுங்கள்.

சோழநாட்டுத் திரை:
27 இன்ச்சில் ஃபுல் எச்டி வேண்டாம் சார். ஒரு இன்ச்சுக்கு 82 பிக்சல்தான் கிடைக்கும். 24 இன்ச்சில் அதுவே 92. ஆங்கிலத்துக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, தமிழுக்குத் தெரியும். எக்செல் கட்டத்தில் 9 பாயின்ட்டில் ஒரு பெயரை அடித்து இரண்டடி தள்ளி நின்று பாருங்கள்: ரெண்டு சுழி ன-வா மூணு சுழி ண-வா என்று கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும், புள்ளி மேல்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். நாள் முழுக்கக் கணக்குப் பார்க்கிறவருக்கு அதுதான் தலைவலி.

ஆகவே இரண்டே வழி. 24 இன்ச் ஃபுல் எச்டி, இல்லையென்றால் 27 இன்ச்சில் 2560க்கு 1440 (109 பிக்சல்). பாயில் உட்காருகிறவர்கள் ஆறடிக்குள் இருந்தால் 24 போதும், எட்டடி தள்ளிப் போனால் 27தான் சரி. பணம் இடித்தால் 24 வாங்கிப் பாயை முன்னால் இழுத்துப் போடுங்கள், எழுத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

திரைப் பேனலில் ஐபிஎஸ், டிஎன், விஏ என்று மூன்று வகை. பெட்டியில் ஐபிஎஸ் என்று எழுதியிருக்க வேண்டும். டிஎன் பேனலைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் முகமெல்லாம் கறுத்து நிறம் தலைகீழாகும். விஏ-வில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் கொஞ்சம் வெளுக்கும். விலை குறைந்த ஸ்டாண்டுகள் முன்பக்கம் 5 டிகிரிதான் குனியும். மேசை உயரமென்றால் பின்னால் 100க்கு 100 மி.மீ. வெசா துளை (ஸ்டாண்ட் மாட்டும் நாலு திருகு துளை) இருக்கிறதா என்று பார்த்து, பிறகு ஒரு ஆர்ம் (மடங்கும் தாங்குகை) போட்டுக்கொள்ளலாம். அதைச் சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் அடிக்காதீர்கள், ஆங்கர் பிடிக்காது. மேசை விளிம்பில் கிளாம்ப் போடுங்கள்.

மயூரம் வயர்:
பாக்ஸ் விஷயம் நான் சொல்கிறேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி மட்டும் உள்ள பழைய பாக்ஸ் என்றால் நேராக மாட்ட முடியாது. நடுவில் ஏவி டு எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வேண்டும், படமும் மங்கலாகத்தான் இருக்கும். எச்டி பாக்ஸாக மாற்றிக்கொள்வது நல்லது.

எச்டி பாக்ஸ் மாட்டியும் திரையில் "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று வந்தால் பயப்பட வேண்டாம், மானிட்டர் கெட்டுப்போகவில்லை. நம் ஊர் டிவி ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ், பாக்ஸ் பெரும்பாலும் 1080ஐ-யில் (ஒரு வரி விட்டு ஒரு வரியாக, ஐ-சிக்னல்) அனுப்பும். சில மானிட்டர்கள் 60க்குக் குறைந்ததையும் ஐ-சிக்னலையும் ஏற்காது. பாக்ஸை ஒரு டிவியில் மாட்டி, மெனுவில் வீடியோ அவுட்புட்டை 720பி அல்லது 1080பி ஆக்கி, 60 ஹெர்ட்ஸ் இருந்தால் அதையும் வைத்து, பிறகு மானிட்டருக்குக் கொண்டுவாருங்கள்.

சத்தம் எச்டிஎம்ஐ வழியாகவே வரும், ஆனால் பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே கிடையாது. பின்னால் 3.5 மி.மீ. ஹெட்போன் ஓட்டை இருக்கிறதா என்று கடையிலேயே தடவிப் பாருங்கள். இருந்தால் அதிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு வயர், வேலை முடிந்தது. படம் வந்து சத்தம் வராவிட்டால் பாக்ஸின் மெனுவில் ஆடியோவை டால்பியிலிருந்து பிசிஎம்-க்கு (சுருக்காத சாதாரண ஒலி) மாற்றுங்கள்.

ஓடிடி ஸ்டிக்கை மானிட்டரின் யுஎஸ்பி ஓட்டையில் செருகி ஓட்டாதீர்கள். யுஎஸ்பி 2.0-வில் அரை ஆம்பியர்தான் வரும், ஸ்டிக் ஒரு ஆம்பியர் கேட்கும். பாதிப் படத்தில் ரீஸ்டார்ட் ஆகும். கூட வந்த அடாப்டரையே போடுங்கள்.

குடந்தை கணக்கு:
நன்றி சார். பாக்ஸில் கேபிள் வயரைத் திருகும்போது விரலில் சுரீர் என்று அடிக்கிறது. அதோடு எச்டிஎம்ஐ மாட்டலாமா?

மயூரம் வயர்:
அப்படியே மாட்டாதீர்கள், போர்ட் போய்விடும். கேபிளின் வெளிப்பின்னலில் எர்த் இல்லாத லைன் ஆம்ப்ளிஃபையரிலிருந்து (தெருவில் கேபிள் சிக்னலைக் கூட்டும் பெட்டி) மின்கசிவு வரும். ரெண்டு பின் அடாப்டரில் ஓடும் பாக்ஸுக்கு அது வெளியேற வழியில்லை. நீங்கள் எச்டிஎம்ஐ செருகும் நொடியில் மானிட்டர் வழியாக இறங்கும். ஆபரேட்டரிடம் சொல்லிச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் வரிசை முக்கியம்: எல்லா பிளக்கையும் பிடுங்கி, எச்டிஎம்ஐ முதலில், கேபிள் வயர் கடைசியில், அப்புறம் சுவிட்ச்.

வயர்மேனைக் கூப்பிட்டு பிளக் பாயின்ட்டில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் பக்கம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்தான் காட்ட வேண்டும். சித்திரையில் களிமண் வெடிக்கும்போது எர்த் குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

இடி வரும்போல இருந்தால் சுவிட்சை அணைப்பது போதாது. பாக்ஸிலிருந்து கேபிள் வயரையே கழற்றிவிடுங்கள், அடி அந்த வழியாகவும் வரும்.

கரண்ட் போனால் யுபிஎஸ். அதில் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்றால் 600 வாட் இல்லை, பெரும்பாலும் 360. மானிட்டர் 25, லேப்டாப் 65, பாக்ஸும் ரவுட்டரும் 20 என்று வைத்தால் 110 வாட். 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி புதிதாக இருந்தால் 20 நிமிடம் போல ஓடும். பதிவைச் சேமித்து மூட அது போதும், சீரியல் முடியும்வரை தாங்காது. அதற்கு வீட்டு இன்வெர்ட்டர்தான், சைன்வேவ் வாங்குங்கள்.

திருவாரூர் வயல்வெளி:
ஒன்றை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். சம்பா நிற்கும் மாதங்களில் ராத்திரி விளக்குக்குப் பச்சைத் தத்துப்பூச்சி கூட்டமாக வரும். அது திரைமேல் உட்கார்ந்து போய்விடும். எள்ளைவிடப் பொடிசான பூச்சிகள் மேல் காற்றுத்துளை வழியாக உள்ளே நுழைந்து, திரைக்கும் பின்விளக்குத் தாளுக்கும் நடுவே ஊரும். எழுத்துக்கு நடுவே ஒரு புள்ளி நகர்ந்தால் அதுதான். விரலால் அழுத்தாதீர்கள், நசுங்கி அங்கேயே ஒட்டிக்கொண்டால் பேனலைப் பிரித்தால்தான் போகும். மானிட்டரை அணைத்து, மேல் விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு மேசைவிளக்கை ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். பெரும்பாலும் வெளிச்சம் தேடித் தானே வெளியே வரும். ஜன்னலுக்குப் பொடிக்கண் வலை போடுங்கள், வாசல் டியூப்லைட்டைத் திரைக்கு நேரே வைக்காதீர்கள்.

வெளியே ஒட்டினதைக் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயால் துடைக்க வேண்டாம், மேல்பூச்சு திட்டுத்திட்டாகும். மைக்ரோஃபைபர் துணியை ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, திரை அணைந்து ஆறியபின் துடையுங்கள். தண்ணீரைத் திரைமேல் நேராகத் தெளித்தால் கீழ் விளிம்பில் இறங்கிவிடும்.