'தி ஷன்னிங்' நாவலும் தொலைக்காட்சிப் படமும்: அனுபவப் பகிர்வு

நூலகவாசி எழுதியது:

பெவர்லி லூயிஸின் 'தி ஷன்னிங்' நாவலை இங்கே பலரும் படித்திருப்பீர்கள் என்பதால் கதையை விரித்துரைக்கவில்லை. ஒரே வரியில் சொன்னால்: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பழைய முறைப்படி எளிமையாக வாழும் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவச் சபையில் வளர்ந்த கேட்டி லாப், கல்யாணத்தன்று ஓடிவிட, சபையும் வீடும் அவளை ஒதுக்கிவைக்கின்றன; அந்த விலக்குதான் 'ஷன்னிங்'. நாவல் வந்தது 1997-இல். மைக்கேல் லாண்டன் ஜூனியர் இயக்கிய ஹால்மார்க் தொலைக்காட்சிப் படம் வந்தது 2011-இல். புத்தகத்தை முடித்த சூட்டோடு படத்தையும் பார்த்ததில் ஏற்பட்ட ஓர் உறுத்தல் இன்னும் நீங்காததால் எழுதுகிறேன்.

உறுத்தல் இசையைப் பற்றியது. கதை நடக்கும் லான்காஸ்டர் பகுதியின் ஆமிஷ் சபையில் இசைக்கருவிக்கு இடமே இல்லை. வழிபாட்டில் 'ஆஸ்புண்ட்' என்னும் பழைய ஜெர்மன் பாடல் நூலிலிருந்து, துணைக்கருவி ஏதுமின்றி, எல்லோரும் ஒரே குரலாக மிக மெதுவாகப் பாடுவார்கள். வழக்கமாக இரண்டாவதாக வரும் துதிப்பாடல் ஒன்றே ஏறக்குறைய 20 நிமிடம் நீளும். அப்படிப்பட்ட ஊரில் கேட்டி லாப் ஒரு கிட்டாரை ஒளித்துவைத்திருக்கிறாள் என்பதும், அந்த மெட்டுகள் இறந்துபோனதாக ஊர் நம்பும் டேனியல் ஃபிஷரின் நினைவோடு பிணைந்தவை என்பதும் நாவலில் மிகுந்த கனத்தோடு வருகின்றன. அந்த மெட்டு வாசகனுக்குக் கேட்பதில்லை. அவள் மனத்துக்குள் மட்டுமே ஓடுகிறது.

படத்தில் அவள் கிட்டார் வாசிக்கும்போது, அதற்கு முன்பும் பின்பும் பின்னணி இசை தாராளமாகப் பொழிந்துகொண்டிருப்பதால், எந்த ஒலிக்காக அவள் குற்றவாளி ஆனாளோ அந்த ஒலி எனக்குச் சாதாரணமாகப் போய்விட்டது. இசையே கூடாத ஊரைக் காட்டும் படம் கொஞ்ச நேரமாவது அந்த ஊரின் காதோடு கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

ஊசிநூல் எழுதியது:

நண்பர் நூலகவாசியின் குறையை என்னால் ஏற்க முடியவில்லை. குடும்பத்தோடு பார்ப்பதற்கென்று எடுக்கப்பட்ட ஒரு தொலைக்காட்சிப் படத்திடம் மௌனத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. மேலும், நாவலைவிடப் படம் கூர்மையாகச் செய்த ஒன்றை நீங்கள் கவனிக்கவே இல்லை.

பரணில் கேட்டியின் கைக்குக் கிடைக்கும் சாட்டின் குழந்தைச் சட்டையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தையல்தான் பிழைப்பு. துணியைப் பார்த்தாலே விரல் தானாக நீளும். ஆமிஷ் பெண்கள் பூவோ கோடோ இல்லாத ஒற்றை நிறத் துணியில்தான் ஆடை தைப்பார்கள். லான்காஸ்டர் பெண்களின் ஆடையைப் பொத்தானுக்குப் பதிலாகக் குண்டூசிகளே சேர்த்துப் பிடிக்கின்றன. நாவலில் லூயிஸ் இந்த வேறுபாட்டைச் சொல்லிச் சொல்லி உணர்த்த வேண்டியிருக்கிறது. படத்தில் கேட்டியாக நடிக்கும் நடிகை டேனியல் பனபேக்கர் அந்தச் சட்டையைக் கையில் எடுத்ததும் சாட்டினின் பளபளப்பே மீதியைச் சொல்லிவிடுகிறது. மங்கலான அந்த வீட்டில் அப்படிப்பட்ட துணி இருக்க வழியே இல்லை என்பதும், தான் பிறந்தது வேறெங்கோ என்பதும் ஒரே நொடியில் விளங்கிவிடுகின்றன. நான் படத்தை அங்கேயே நிறுத்திவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹாரிஸ்பர்க்வாசி எழுதியது:

லான்காஸ்டருக்கு அருகிலேயே வசிக்கிறேன். என் மனத்தில் நின்றவள் தாய் ரெபெக்கா. தனக்குப் பிறந்த குழந்தை மருத்துவமனையிலேயே இறந்துபோக, அங்கே தற்செயலாகச் சந்தித்த வெளியுலகச் சிறுமி ஒருத்தி பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாக வீட்டுக்குக் கொண்டுவந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊருக்கே மறைத்தவள் அவள். அந்தச் சுமையை நாவல் பல அத்தியாயங்களில் சிறிது சிறிதாக இறக்கிவைக்கிறது. படத்தில் அது ஓர் உரையாடலாகச் சுருங்கிவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

படம் பார்த்துவிட்டு இங்கே வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். கதை நடக்கும் ஹிக்கரி ஹாலோ ஆசிரியரின் கற்பனை ஊர். அதைத் தேடி வராதீர்கள். நெடுஞ்சாலை 30-இல் இருக்கும் கடைத்தொகுதிகளைப் பார்த்துவிட்டு ஆமிஷ் வாழ்க்கையைப் பார்த்ததாக எண்ணிவிடவும் வேண்டாம். சாலை 340-இல் பேர்ட் இன் ஹேண்ட் பக்கமாக நிதானமாக ஓட்டினால், சாம்பல் நிறக் கூண்டு வைத்த குதிரை வண்டிகளைப் பார்க்கலாம். அவை மெதுவாகத்தான் போகும், ஹாரன் அடித்துக் குதிரையை மிரட்டாதீர்கள். புகைப்படத்துக்கு நிற்பதை அவர்கள் விக்கிரகக் கட்டளையை மீறுவதாகக் கருதுகிறார்கள். ஆகவே முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டுவது மரியாதைக்கேடு. ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய கடைகள் எதுவும் திறந்திராது என்பதால் பயணத்தை வாரநாளில் வைத்துக்கொள்ளுங்கள். திருமணங்கள் பெரும்பாலும் அறுவடை முடிந்தபின், நவம்பரையொட்டிச் செவ்வாய், வியாழன்களில் நடக்கும். விருந்தில் செலரி கட்டாயம் உண்டு. ஏதாவது வீட்டுத் தோட்டத்தில் வழக்கத்துக்கு மீறிச் செலரி வளர்ந்து நின்றால், அந்த வீட்டில் மணமகள் இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்வார்கள். அழைப்பில்லாமல் எந்த வீட்டு முற்றத்திலும் காலெடுத்து வைக்காதீர்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் நீட்டுவதாக இருந்தாலும் பெற்றோரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வினாக்குறி எழுதியது:

பயணக் குறிப்புகளுக்கு நன்றி. ஆனால் கேட்டவர் யாரும் இல்லை. செலரியை விட்டுவிட்டுக் கேட்டிக்குத் திரும்புவோம்.

படத்தைப் பார்த்துவிட்டு என் தங்கை கேட்ட கேள்வி இது: "கல்யாணத்தன்று மனம் மாறி ஓடிவிட்டாள் என்பதற்காக ஒரு பெண்ணை வீட்டுக்குள்ளேயே தீண்டாமல் வைப்பார்களா?" அந்தக் கேள்விக்குப் படத்தில் எனக்கு விடை கிடைக்கவில்லை; நாவலில் கிடைத்தது. ஆமிஷ்காரர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வளர்ந்தபின் ஒருவர் தானாக முன்வந்து முழங்காலிட்டு, சபையின் ஒழுங்குக்கு வாழ்நாள் முழுதும் கட்டுப்படுவதாக உறுதிமொழி கொடுக்கிறார். விலக்கு அந்த உறுதிமொழியை முறித்தவர்களுக்கு மட்டுமே உரியது. ஞானஸ்நானம் பெறாமலே வெளியேறும் பிள்ளைக்கு அது இல்லை. கேட்டியோ உறுதிமொழி கொடுத்தவள். ஆமிஷ் பிரிவைத் தொடங்கிய யாக்கோப் அம்மான் 1693-இல் 'சுவிட்சர்லாந்து சகோதரர்கள்' என்னும் கிறிஸ்தவக் குழுவிலிருந்து பிரிந்ததற்கே இந்த விலக்கைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற வாதம் முக்கியக் காரணமாக இருந்தது. எனவே இதை ஓர் ஊரின் கோபமாக மட்டும் காட்டினால் பாதிக் கதை போய்விடுகிறது.

இன்னொரு முடிச்சும் உண்டு. அவள் மணமேடையில் விட்டுவிட்டு ஓடிய ஜான் பெய்லர், மனைவியை இழந்த, ஐந்து பிள்ளைகளின் தந்தை மட்டுமல்லர்; அந்தச் சபையின் பிஷப்பும் அவரே. அவமானப்பட்ட மாப்பிள்ளையும் விலக்கை முன்னின்று நடத்த வேண்டிய தலைவரும் ஒரே ஆள் என்பதில் லூயிஸ் வைத்திருக்கும் நெருக்கடியைப் படம் தொட்டும் தொடாமலும் கடந்துபோகிறது.

என் உறுத்தல் சாப்பாட்டு மேசைதான். விலக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் சாப்பிடக்கூடாது, அவர் கையிலிருந்து எதையும் வாங்கவும் கூடாது. யாரும் அடிப்பதில்லை, கதவை அடைப்பதுமில்லை. சோறும் உண்டு, படுக்கையும் உண்டு. தாயின் சமையலறையிலேயே மகளுக்குத் தனி இடம். நாவலில் அதைப் படித்தபோது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஊர்விலக்கு வைக்கப்பட்ட வீடுகள் நினைவுக்கு வந்தன. ஆனால் அங்கே ஊர் ஒதுக்கினாலும் வீடு சேர்த்துக்கொள்ளும், இங்கே ஒதுக்குவதே வீடாக இருக்கிறது.

ஊசிநூல் எழுதியது:

வினாக்குறி சொல்லும் விளக்கம் சரி. ஆனாலும் உறுதிமொழியை அத்தனை எளிதாக நியாயமாக்கிவிடாதீர்கள். தன் பிறப்பே மறைக்கப்பட்ட ஒருத்தி கொடுத்த உறுதிமொழி அது. தான் யாரென்று தெரியாமல் ஒப்புக்கொண்டவளை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்று நாவலே கேட்கிறது. அதற்காகத்தான் அந்தச் சட்டை பரணில் கிடக்கிறது.

தொடர்பிரியை எழுதியது:

எல்லோரும் முதல் படத்தோடு நிற்கிறீர்கள். இரண்டாம் நாவலான 'தி கன்ஃபெஷன்' 2013-இல் படமானபோது கேட்டியாக வந்தவர் வேறொரு நடிகை, கேட்டி லெக்ளெர்க். பனபேக்கரின் முகத்தோடு ஊரைவிட்டுப் போனவள் இன்னொரு முகத்தோடு தன்னைப் பெற்ற லாராவைத் தேடி நியூயார்க் மாநிலத்துக்குப் போனபோது எனக்குச் சினமே வந்தது. சகோதரர்களில் எவருக்கும் இல்லாத செம்பழுப்புக் கூந்தல்தான் கேட்டி வேறு வீட்டுப் பிள்ளை என்பதற்கு நாவல் முதலிலிருந்தே வைக்கும் தடயம். தாயும் மகளும் ஒருவரையொருவர் அடையாளம் காண வேண்டிய கதையில், பார்க்கிற நானே மகளை அடையாளம் காண முடியாமல் திணறினேன். அந்தப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நாவலின் மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டேன். அதில் கேட்டிக்கு நான் முதலில் மனத்தில் வரைந்த முகமே இருந்தது.

நூலகவாசி எழுதியது:

ஊசிநூல் அவர்களுக்கு: சாட்டின் சட்டை பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், கண்ணுக்குரியதைப் படம் நன்றாகவே செய்திருக்கிறது. காதுக்குரியதைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. வினாக்குறி சொன்ன அந்தத் தனி மேசையை, வயலினும் பியானோவும் இல்லாமல், கரண்டி தட்டில் படும் சத்தம் மட்டும் கேட்க ஒரு நிமிடம் காட்டியிருந்தால், அவருடைய தங்கைக்கும் அந்தக் கேள்வி எழுந்திருக்காது என்றே நினைக்கிறேன்.