“மாமா!” என்று கூப்பிட்டால் திரும்புவது யார்? – அனுபவப் பகிர்வு

தஞ்சோங்காரன், பினாங்கு:

ஜார்ஜ்டவுனில் எங்களுக்கு நாசி கண்டார் (சோறும் குழம்பும்) கடை. அத்தா காலத்துக் கடை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் என்னை மலாய்க்காரர் “மாமாக்” என்பார், எங்களை மாதிரித் தமிழ் முஸ்லிம்களுக்கு இங்கே அதுதான் பெயர். பக்கத்துக் கடை சீனத் தவுக்கே (முதலாளி) கடைசி ‘க்’கை விழுங்கிவிட்டு “மாமா” என்பார். கடையநல்லூரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் பையனுக்கு நான் “மாமு”. எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்த்துத்தான் ஆகணும், யாவாரம் ஆச்சே.

மாமாக் என்பது நம்ம மாமாதான் என்று பினாங்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மலாயில் உறவுப் பெயர் பலதும் தொண்டையில் ஒரு வெட்டு வெட்டித்தான் முடியும்: காக்காக் (அக்கா), அடிக் (தம்பி, தங்கை), நேனேக் (பாட்டி). நம்ம மாமாவையும் அந்த வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். எங்க ஆட்களில் சிலருக்கு அந்தச் சொல்லே பிடிக்காது, கேலி என்பார்கள். சொல்கிற குரலைப் பொறுத்தது என்பது என் கட்சி.

நான் எழுத வந்தது வேறு கதை. சுமத்ராவிலிருந்து வைத்தியத்துக்கு இங்கே வருகிறவர்கள் நிறைய. புக்கிட்டிங்கிக்காரர் ஒருத்தர், வீட்டம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நம்ம கடைக்கே வருவார். வருகிறவன் போகிறவன் எல்லாம் என்னை மாமாக் என்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தவர், “இத்தனை பேருமா உங்கள் அக்கா தங்கச்சி பிள்ளைகள்?” என்று கேட்டார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார். அவர் மினாங்கபாவ் இனத்தவர். அந்த மக்களுக்கு மாமாக் என்றால் தாயுடன் பிறந்தவர். குலச் சொத்து அங்கே பெண்வழியில் இறங்குகிறது. வீடும் வயலும் பெண்களுக்கு. அதைக் கட்டிக் காப்பதும், மருமக்களை அதட்டி வளர்ப்பதும், அவர்கள் கல்யாணப் பேச்சில் முன்னால் நிற்பதும் மாமாக். மருமகன் மாமாக்குக்கு அடங்க வேண்டும், மாமாக் பெங்ஹுலுவுக்கு (குலத் தலைவருக்கு) அடங்க வேண்டும் என்று பழமொழியே வைத்திருக்கிறார்கள்.

நான் விடுவேனா? நம்ம பக்கத்தில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள், சீர்வரிசை அவர் கொண்டுவர வேண்டும், கல்யாணத்தில் முதல் மாலை அவருடையது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மனுஷன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “செலவு மட்டும்தான் அவருக்கா? அதிகாரம் கிடையாதா?” என்றார்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது மாமா மாட்டியிருந்தால் எழுதுங்கள்.

செந்தூல் ராணி, கோலாலம்பூர்:

எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீடு கந்தோனீஸ் பேசும் சீனக் குடும்பம். அந்த வீட்டுப் பையன் பள்ளி விட்டு வந்ததும் கதவருகில் நின்று “மா மா!” என்று கத்துவான். ஊன்றுகோலோடு ஒரு கிழவி வந்து திறப்பார். என் மகனுக்கு மண்டை காய்ந்துவிட்டது. “அம்மா, அவன் மாமாவைக் கூப்பிட்டா ஏன் எப்பவும் பாட்டியே வர்றாங்க?”

அவர்கள் பேச்சில் அப்பாவைப் பெற்றவள் ‘மா மா’, அம்மாவைப் பெற்றவள் ‘போ போ’. பெற்ற அம்மாவும் ‘மா மா’தான், ஆனால் ஏற்றம் இறக்கம் வேறு. பாட்டிக்குக் குரலைக் கீழே இறக்கணும், அம்மாவுக்கு மேலே தூக்கணும். அந்த ஆச்சியே எனக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். நான் சொன்னதைக் கேட்டு அவர் மருமகள் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள், தன் பிள்ளை கூப்பிடுகிறான் என்று!

இப்போது என் மகனும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறான். என் தம்பி வந்தால் அவனும் மாமா. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தால் எனக்குத்தான் சிரிப்பு.

ஹெல்மெட் தம்பியின் அக்கா:

ராணி அக்கா, எங்க வீட்டிலும் தம்பிதான். மகள் சீனப்பள்ளியில் முதலாம் ஆண்டு. யார் கூட்டிப்போக வந்திருக்கிறார்கள் என்று லாவ்ஷி (ஆசிரியை) கேட்க, இவள் “மாமா” என்றிருக்கிறாள். மண்டரினில் மாமா என்றால் அம்மா. லாவ்ஷி வாசலில் ஒரு பெண்ணைத் தேடுகிறார், அங்கே தாடியும் ஹெல்மெட்டுமாக என் தம்பி. பிள்ளையை விடவே மாட்டேன் என்று எனக்குப் போன் வந்துவிட்டது. அதே ‘மா’வைக் குரல் மாற்றிச் சொன்னால் சணல், குதிரை, திட்டுதல் எல்லாம் வரும் என்று மகள் இப்போது எனக்கே பாடம் நடத்துகிறாள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பழசு:

நம்ம பேட்டையில் சிங்களவர்கள் 1894இல் தொடங்கிய புத்த விகாரை இருக்கிறதே, வெசாக் சமயத்தில் தண்ணீர்ப் பந்தலுக்கு நானும் கை கொடுப்பேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு தாத்தா விடைபெறும்போது “மம யனவா” என்றார். என் காதில் ‘மாமா யானை வா’ என்று விழுந்தது. திரும்பிப் பார்த்தேன், ஊர்வலத்தில் யானை ஏதும் வருகிறதா என்று! ‘நான் போகிறேன்’ என்பதுதான் அர்த்தமாம். சிங்களத்தில் ‘மம’ என்றால் நான். நெடில் போட்டு ‘மாமா’ என்றால் நம்மைப் போலவே மாமா. ஒரு மாத்திரை கூடினால் ஆளே மாறிவிடுகிறார்.

கிளானா ஜெயா மென்பொருள்:

எங்கள் அலுவலகத்தில் ஜார்ஜியா நாட்டுக்காரன் ஒருவன். ராத்திரி வேலையின்போது வீட்டுக்குப் போன் போடுவான். “மாமா” என்பான், மறுமுனையில் தடித்த ஆண்குரல். நமக்கு அது விசித்திரமாகவே படவில்லை, அவனுக்கும் தாய்மாமன்தான் போல என்று இருந்துவிட்டேன். பக்கத்து மேசை சீனப்பெண்தான் அவன் அம்மாவுக்கு ஏன் அந்தக் குரல் என்று குழம்பிப் போய்க் கேட்டாள். இரண்டும் இல்லை. அவர்கள் மொழியில் மாமா என்றால் அப்பா, அம்மாவுக்கு ‘டெடா’. பாதிரியாரையும் “மாமாவோ” என்றுதான் அழைப்பார்களாம். தலைநகர் திபிலிசியில் மலைமேல் 1958இல் வைத்த ஒரு பெரிய தாய்ச் சிலையின் படம் காட்டினான், பெயர் ‘கார்த்லிஸ் டெடா’.

ஓய்வுபெற்ற டீச்சர், பட்டர்வொர்த்:

இதற்கெல்லாம் ஒரு விளக்கம் உண்டு, பிள்ளைகளா. ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1959இல் இதைப் பற்றியே எழுதினார். மர்டாக் என்ற மானிடவியலாளர் பல மொழிகளிலிருந்து திரட்டிய 1,072 சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். தாயைக் குறிப்பவை 531, தந்தையைக் குறிப்பவை 541. தாய்க்கான சொற்களில் 55 விழுக்காட்டில் ம, ந போன்ற மூக்கொலி. தந்தைக்கு 15 விழுக்காடுதான். பால் குடிக்கும் பிள்ளையின் வாய் அடைத்திருக்கும்போது மூக்கு வழியாக முனகத்தான் முடியும். பசி வந்தாலும் அதே முனகல்தான். அம்மா ஓடி வருவாள். அப்படியே அது அவள் பெயராகிவிடுகிறது என்றார். லத்தீனில் மம்மா என்றால் மார்பு. அதை வைத்துத்தான் லின்னேயஸ் 1758இல் பாலூட்டிகளுக்கு மம்மாலியா என்று பெயர் வைத்தார். உங்கள் பிள்ளைகளின் அறிவியல் புத்தகத்தில் வரும் மமாலியாவும் அதுதான்.

தஞ்சோங்காரன்:

டீச்சர், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உங்கள் கணக்கு சரி. மாமாவுக்கு? அவர் என்ன பாலா கொடுத்தார்?

ஓய்வுபெற்ற டீச்சர்:

பிள்ளை முனகத்தான் செய்யும். அது யாருடைய பெயர் என்று முடிவு செய்வது சுற்றி நிற்கிற பெரியவர்கள். ஜார்ஜியாவில் அப்பன் “என்னைத்தான் கூப்பிடுகிறான்” என்று எடுத்துக்கொண்டான். ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பித்ஜந்ஜத்ஜாரா மக்களிடமும் மாமா என்றால் தகப்பன்தான். நம்மிடம் அம்மாவின் அண்ணன் தம்பி வந்து எடுத்துக்கொண்டார்கள். அம்மா வழி என்பதால் அந்த ‘ம’வுக்கு அவருக்கு உரிமை உண்டு என்பது என் எண்ணம்.

செந்தூல் ராணி:

டீச்சர் மன்னிக்கணும், அத்தை வீட்டுக்காரரும் மாமாதானே? மாமனாரும் மாமாதான். அவங்க எங்கே அம்மா வழி?

ஓய்வுபெற்ற டீச்சர்:

நல்லா கேட்டீங்க. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டை நினைத்துப் பாருங்கள். என் அண்ணனுக்கு என் நாத்தனாரைக் கட்டி வைத்தார்கள். என் பிள்ளைகளுக்கு அவர் தாய்மாமன், அவரே அத்தை புருஷன். மகளுக்கு அவர் மகனைக் கட்டியிருந்தால் அவரே மாமனார். மூன்று வாசல், ஒரே ஆள்! பழைய குடும்பங்களில் இது சாதாரணம். கட்டிய பெண் புருஷனையே மாமா என்பதும் முறைமாமன் கணக்கில்தான்.

ஹெல்மெட் தம்பியின் அக்கா:

தலை சுத்துது டீச்சர், கோப்பி-ஓ ஒண்ணு போட்டுட்டு வரேன்.

கெப்போங் சைட் மேற்பார்வை:

கட்டுமான வேலை எனக்கு. வங்கதேசத்துப் பையன்கள்தான் அதிகம். சம்பளம் போட்டதும் கோலாலம்பூர் கோத்தா ராயா கடைத்தெருப் பக்கம் கிளம்பிவிடுவார்கள், அவர்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கும் பணம் அனுப்பவும். ஒருதடவை லோரியில் கூடவே போனேன். டீ ஊற்றுகிறவரையும் மாமா என்கிறார்கள், போன் கார்டு விற்கிறவரையும் மாமா என்கிறார்கள். அவர்களும் பதிலுக்கு இவர்களை மாமா என்கிறார்கள்! டாக்காவில் ரிக்‌ஷாக்காரரிலிருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லோரும் மாமாதானாம். நிலாவும் மாமா. அது நம்ம அம்புலிமாமா மாதிரிதான், புரிகிறது. புலியும் மாமாவாம், ‘பாக் மாமா’.

எங்க சைட்டில் தமிழ்நாட்டுப் பையன் ஒருத்தன் புதிதாகச் சேர்ந்தான். முதல் நாளே வங்காளி ஃபோர்மேன் தோளில் தட்டி “மாமா, இதைப் பிடி” என்றிருக்கிறார். அவன் ஊரில் முன்பின் தெரியாதவனைப் பார்த்து அந்தச் சொல்லை அந்தத் தொனியில் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். சிமெண்டு மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சட்டையைப் பிடித்துவிட்டான். நான் ஓடிப்போய் விலக்கி, ரெண்டு பேரையும் கேன்டீனில் உட்கார வைத்து விளக்கம் சொன்னேன். ஃபோர்மேனுக்கு அந்த இன்னொரு அர்த்தத்தைச் சொன்னதும் முகம் போன போக்கு! இப்போது தமிழ்ப் பையன்களை மட்டும் கவனமாக “அண்ணே” என்கிறார், பத்தொன்பது வயசுப் பையனைக்கூட.